ஒரு லைனில் ரெண்டு சப்ளை

"ஒரு லைன்ல ரெண்டு சப்ளை கொடுக்கப்படாது. முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவனாக்கும் நான்."

கரமனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நிமிர்ந்தேன். மூன்று பேர் சீட்டில் நடுவே அவர் மனைவி. ஜன்னலோரம் மனைவியின் தங்கை.

"அதுக்காக அக்காவோட மாத்திரையை ரெண்டு நாளா ஒளிச்சு வெச்சேளா, அத்திம்பேரே?"

"ஆஸ்பத்திரியில தலைக்குக் கரண்ட் வெக்கறா. கூடவே மனசுக்கு மாத்திரையும்னா ஷார்ட் ஆயிடாதா?"

"அக்கா என்ன டிரான்ஸ்பார்மரா? ரெண்டும் சேர்ந்தே போகலாம், இவளுக்கு அதான் நல்லதுன்னு டாக்டர் நாலு தரம் சொல்லியாச்சு. மாத்தணும்னா அவர் மாத்துவார். ஃபியூஸைப் பிடுங்க நீங்க யாரு?"

"கத்தாதே. பஸ்ஸாக்கும் இது."

"கத்தாம? கேக்கறதே இல்லையே நீங்க!"

நடுவில் இருந்தவர் தலையைத் தூக்கினார்.

"மாத்திரையும் கரண்டும் எனக்கு ஒத்துக்கறது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒத்துக்கலை."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"ஓணத்துக்கு அப்பறம் இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கா" என்றார் கணவர். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மைத்துனியிடம் நீட்டினார்.