பித்தளைத் தகட்டில் வில்ஃப்ரெடோ

இரவு ஒன்றரை. சான் பெட்ரோவுக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய சாலை... நாய்கூடக் குரைக்காது. ஏய் மிலாக்ரோஸ், டோமினோக் கட்டையைக் கீழே வை, கரண்ட் வந்ததும் ஆடலாம். இது என் சிநேகிதன் நெப்தாலியின் மைத்துனன் எலிஜியோவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். தனியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சாலைக் கோடியில் பேஸ்பால் அருங்காட்சியகம். எலிஜியோ அங்கே இரவுக் காவல். நம் நாட்டுப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் முகமும் பெயருமாகப் பித்தளைத் தகடு இருக்கிறதே, அந்த மண்டபம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்... டக். டக். டக். ஆணி வைத்த ஆட்டக் காலணி. ஈரத் தோல் கையுறை வாடை. ஒவ்வொரு தகட்டின் முன்பும் நிற்கும். நகரும். கடைசித் தகட்டில் ஒரு பெருமூச்சு... மறுபடி முதலிலிருந்து. விடிந்தால் தரையெல்லாம் செம்மண்.

எலிஜியோ வாயை மூடிக்கொண்டு இருப்பவனா? வில்ஃப்ரெடோ என்ற ஆட்டக்காரனின் அம்மா, ஊரே மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடும் எவுஃபேமியா, ஞாயிறுதோறும் மகன் தகட்டுக்குப் பூ வைக்க வருவாள். அவன் செத்து ஒரு வருஷம்தான். அவளிடம் சொல்லிவிட்டான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது என் அன்செல்மோப்பா... தன் பேரைத் தேடுறான்."

"அன்செல்மோ யாரும்மா?"

"இந்தத் தகட்டுல இருக்கிற மூஞ்சிதான் அன்செல்மோ. வில்ஃப்ரெடோ சின்னவன், ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். பத்து வருஷம் கழிச்சு, பெரியவனுக்கு இருபத்தொண்ணு. பதினேழுன்னாதான் டீமுக்கு எடுப்போம்னு அமெரிக்காக்காரங்க சொன்னாங்க. தம்பியோட பிறப்புச் சான்றிதழை நான்தான் எடுத்துக் குடுத்தேன், பாவி!"

நம் ஊரில் யார்தான் செய்யவில்லை? சிரிக்காதே ரூபன், உன் மாமா வயசு எனக்குத் தெரியும். ஆனால் அவன் கல்லறையிலும் தம்பி பெயர். பெற்றவள் வாயிலும் இருபது வருஷமாகத் தம்பி பெயர்.

அன்று இரவு அவள் இருட்டில் காத்திருந்தாள். டக். டக்... எதிரே நின்றது.

"அன்செல்மோ... என் ராசா... போய்த் தூங்குடா."

அப்புறம் வாசல் பக்கம் நடந்து போனது. பிறகு வரவே இல்லை.

எட்டு நாள் எலிஜியோ நிம்மதியாக இருந்தான். ஒன்பதாம் நாள் காலை, அவனுடைய முக்காலி வில்ஃப்ரெடோ தகட்டின் அடியில் கிடந்தது. பெயரின் முதல் எழுத்தில் மட்டும் சின்ன விரல் தடங்கள். துடைத்தான். மறுநாள் இரண்டு எழுத்தில்... அதற்கு மறுநாள் மூன்று.

எவுஃபேமியாவிடம் சொன்னான். அவள் விம்மி விம்மி அழுதாள்.

"சின்னவனுக்குப் படிக்கத் தெரியாதுப்பா. அந்த வருஷந்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன்... இப்ப எழுத்துக் கூட்டுறான். படிச்சு முடிச்சிட்டு, 'என் பேருக்கு மேல ஏம்மா அண்ணன் மூஞ்சி இருக்கு'ன்னு கேட்டா, நான் என்னய்யா சொல்லுவேன்?"

அந்தப் பெயருக்கு ஸ்பானிஷில் எட்டு எழுத்து. நேற்றுக் காலை ஏழில் தடம் இருந்தது. இன்று ராத்திரி அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.