ஜோடி மாறிய இரண்டு கோப்புகள்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. அப்படியே வையுங்கள், ஆறட்டும். கணினி ரிப்பேர் பார்ப்பவன் சூடாக எதையும் குடித்ததாகச் சரித்திரம் இல்லை.

முதலில் அந்தக் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் பதினோரு படுக்கைகள், எல்லோரும் மூச்சுக் கருவியில் இருப்பவர்கள். அத்தனை பேரின் நாடித்துடிப்பும் நர்ஸ் மேஜையில் உள்ள ஒரே திரையில் தெரியும். அளவு இறங்கினால் அதுதான் மணி அடிக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிகளும் முன்பெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. பாவம், தூக்கம் கெடுகிறதே என்று அவற்றின் வாயை அடைக்கச் சொன்னது நான்தான். அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

குப்பைக்குப் போக வேண்டிய பழைய கணினி அது. கனமில்லாத ஒரு இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஒன்பது வருடம் ஓட்டினேன். போட்டவுடன் அது மொத்தமாக நினைவகத்துக்கு ஏறிவிடும். பிறகு பென் டிரைவில் எதை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குத் தெரியாது. அடுத்த முறை அணைத்துப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும். அது எழுந்திருக்க இரண்டு கோப்புகள் வேண்டும். புதுப்பித்தால் இரண்டையும் சேர்த்தே புதுப்பிக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் திரை கறுப்பாகவே நிற்கும். மாற்றியவன் அணைத்துப் போட்டுப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

எட்டாம் படுக்கையில் என் மனைவி. தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. பணியாளர் குடும்பத்துக்கு என்று ஒதுக்கிய படுக்கை அது. நான் வேலையில் இருக்கும்வரை அவளுக்கு மூச்சு உண்டு. வேறு நான்கு ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கிவிட்டேன், ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நிர்வாகி ஒருநாள் கூப்பிட்டார். "வெளி கம்பெனிக்குக் குடுத்துட்டோம் சார். வியாழக்கிழமையோட உங்க வேலை முடியுது."

"என் வீட்டுக்காரி?"

"மாசக் கடைசிவரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்கப்புறம் அவ மூச்சு விட வேண்டாமா சார்?"

அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தார். கெஞ்சினேன். காலில் விழுந்திருப்பேன், மேஜை குறுக்கே இருந்தது. அன்று பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கொஞ்சம் வெயில் காட்டலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் புதிய டெக்னீஷியனிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். நல்ல மனிதர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"பாக்கி ஏதாவது இருக்கா அண்ணா?"

"ஒரு அப்டேட்தான். நானே போட்டுட்டுப் போறேன்."

"போட்டதும் ரீஸ்டார்ட் பண்ணணும்ல?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எப்படியும் பண்ணுவீங்க."

வெள்ளிதோறும் பதினோரு மணிக்கு அணைத்துப் போடுவது வழக்கம். நான் ஒரு கோப்பை மட்டும் மாற்றினேன். சரியான ஜோடி உள்ள இன்னொரு பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. பாருங்கள், நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

மறுநாள் மனைவியைப் பார்க்க வந்தவனாக வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். புதியவர் அணைத்துப் போட்டார். திரை எழவில்லை. வழக்கமாக இரண்டு நிமிடம் ஆகும், அதுவரை ஒரு சிஸ்டர் படுக்கை படுக்கையாக நடப்பார். இரண்டு நிமிடம் தாண்டியதும் அவரும் மேஜைக்கு ஓடி எனக்குப் போன் செய்தார். பையில் போன் அதிர்ந்தது. முதல் அழைப்பிலேயே எடுத்தால் மலிந்துபோவோம் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் படுக்கையில் ஒரு தச்சர். குழாய் போடுவதற்கு முன்பு என் மனைவியிடம், "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் கீபோர்டைத் தட்டுறதப் பார்த்தா ஆணி அடிக்கிறவன் தோத்தான்" என்று சிரிக்க வைத்தவர். நான்காவது நிமிடத்தில் அவருடைய குழாய் கழன்றிருந்தது. கை ஒருமுறை உயர்ந்தது. எல்லோருடைய முதுகும் அவர் பக்கம் இருந்தது.

கதவைத் தட்டியிருக்கலாம். போனை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். தவிர, எட்டு நிமிடம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். நான்கே நிமிடத்தில் சரியாகிவிட்டால் யாருக்கும் உறைக்காது. என் மனைவிக்கும் அதே திரைதானே என்று கேட்பீர்கள். அவளைத்தான் நான் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தேனே.

எட்டாவது நிமிடம் உள்ளே போய்ப் பென் டிரைவை மாற்றினேன். திரை எழுந்ததும் ஏழாம் படுக்கைக்கு மணி அடித்தது. தச்சர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். புதியவர் தரையில் உட்கார்ந்து, "நான் என்ன அண்ணா பண்ணேன்?" என்று அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். "நீங்க இருங்க சார்" என்றார் நிர்வாகி. படுக்கையும் தங்கியது.

அன்றிலிருந்து என் மனைவி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று சிஸ்டரிடம் சிலேட்டு கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள்: 'தச்சர் தவிச்சப்போ இவர் வெளியே நின்னு பார்த்துட்டே இருந்தார்.' அந்தச் சிலேட்டுதான் உங்கள் மேஜையில் இருக்கிறது.

மற்றதெல்லாம் சரி, ஐயா. நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். அவள் எழுதியதில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். நான் தச்சரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது.