ஹேர்னிங் மேடையில் ஒரு நெப்ராஸ்கா

பெருமதிப்புக்குரிய தலைவர் பாலசிங்கம் அவர்களே, கலைவிழாக் குழுவின் காவலர்களே, பெரியோர்களே, பிள்ளைகளின் வேடம் கண்டு கைசிவக்கத் தட்டிய தாய்மார்களே, வணக்கம்!

கேடயம் கொடுக்க அழைத்தீர்கள். கொடுக்கத்தான் வந்தேன். ஆனால் நாடகத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டேனே!

நூற்று நாற்பது வருடங்களுக்கு முன், நம் ஹேர்னிங் இருக்கும் இதே டென்மார்க்கின் யூலாந்திலிருந்து கப்பலேறிய டேனிஷ் குடும்பம், அமெரிக்க அரசு நெப்ராஸ்காவில் அளித்த நூற்றறுபது ஏக்கரில் குடியேறுகிறது. அட்டைப்பெட்டியில் என்ன அழகான வண்டி! "ஆளில்லாத நிலம்! அள்ளிக்கொள்ளுங்கள்!" என்று ஒரு பிள்ளை முழங்குகிறது. மண்டபம் அதிர்கிறது.

ஆளில்லாத நிலமா? அப்படியானால் அந்த மண்ணின் பூர்வகுடிகளாக இறகு குத்தி, மூட்டை தூக்கி, இடப்பக்கமாக வெளியேறிய எட்டுப் பிள்ளைகள் யார்? ஆடா? மாடா?

என்ன அண்ணை, "சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு" என்கிறீர்களா? எழுதியது சின்னப்பிள்ளையா? குழுவினரின் பிள்ளைகளுக்கு வண்டி, வசனம், வாழ்த்து. வீட்டில் டேனிஷில் பதில் சொல்லும், தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கு? மூட்டை! நாக்குத் திரும்பாதவர்களை நாடிழந்தவர்களாக்கிய உங்கள் நுட்பத்தை எப்படிப் புகழ்வேன்!

திரைக்குப் பின்னால் நின்றேன். மூட்டையோடு வெளியே வந்த ஒன்பது வயது ஹன்னா நெறியாளர் அந்தோனிதாசனைக் கேட்டாள்: "அங்கிள், நாங்கள் எங்க போறம்?"

"உள்ளுக்குப் போங்கோ பிள்ளை. உங்களுக்குக் கதையில்லை."

ஆகா! அமெரிக்கப் படை அதிகாரிகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டான்!

ஹன்னாவின் தாய் கிருபாஷினி இரண்டாம் வரிசையில் இருக்கிறார். இந்த மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. அவருடைய தம்பி முள்வேலி முகாமில் இருக்கிறார். ஊருக்கு எப்போது விடுவீர்கள் என்று முகாம் இராணுவத்திடம் அவர் கேட்டதற்கு, "அங்க ஒருத்தரும் இல்லை, அது வெறுங்காணி" என்று பதில் வந்ததாம். போன கிழமை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறார். அந்தக் காணியில் கிருபாஷினி பிறந்த வீடு நிற்கிறது. நின்றால்!

அந்தத் தாயும் இன்று கைதட்டினார். மகள் மேடையில் நின்றாளே, வேறென்ன செய்வார்? நீங்கள் எதற்குத் தட்டினீர்கள்? நம் காணியைப் பறிப்பவனின் அதே வசனம், நல்ல தமிழில் வந்தால் நமக்குத் தித்திக்குமா? வெட்கம்! வெட்கம்!

ஹன்னா, மேலே வா மகள். பயப்படாதே. அவர்கள் எழுதாமல் விட்ட வசனத்தை நீயே சொல்லு. டேனிஷ் என்றாலும் பரவாயில்லை.

"நாங்கள் போகேல்லை. இது எங்கட வீடு."

தமிழிலேயே சொல்லிவிட்டாள்! குழுவினரே, பிழை ஏதும் உண்டா? இல்லையே? இந்தா மகள், கேடயம். எட்டுப் பேரும் பிடியுங்கோ.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவர்களுக்கு இருமடங்கு நன்றி. வணக்கம்!