எட்டு மீசை

நான் மீன் சாப்பிடுவதில்லை. முள் பயம். அருங்காட்சியகத்து மீன் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு முள்ளைக் கண்டால் பயமா என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. நிதானமாகவே சொல்கிறேன். நடுவில் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

மீனை இன்னது என்று பிரித்துச் சொல்வது என் வேலை. ஆறு, ஏரி, வாய்க்கால் என்று எங்கெங்கிருந்தோ வாளி வாளியாக வரும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலப் பளபளவென்று இருக்கும். எனக்கு அப்படி இல்லை. செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் எத்தனை செதில், முதுகுத் துடுப்பில் எத்தனை நரம்பு, வாயோரம் மீசை உண்டா, உண்டென்றால் எத்தனை. லென்ஸுக்குக் கீழே வைத்து ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். ஒரு கெண்டைக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். பிறகு ஸ்பிரிட் நிரப்பிய குப்பியில் போட்டு, சீட்டு எழுதி, அலமாரியில் வைப்பேன். சீட்டில் ‘இனம் கண்டவர்’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் முப்பத்தொரு வருஷமும் எங்கள் பிரிவுத் தலைவரின் பேரை என் கையால் எழுதினேன்.

அவருக்கு அலுவலகத்தில் விரால் என்று பட்டப்பேர். எங்கே பிடித்தாலும் வழுக்கிவிடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஆனால் அவருக்கு எண்ண வராது. கண்ணும் போதாது, பொறுமையும் போதாது. அவர் ஏழு என்று எழுதியிருப்பதை எட்டு என்று திருத்தி, அவருக்குத் தெரியாமல் அச்சுக்கு அனுப்புவேன். வெளியூரில் அவரைக் கைதட்டி மேடை ஏற்றினார்களே, அத்தனையும் என் கண் போட்ட பிச்சை.

கல்குவாரிக்குப் பின்னால் ஒரு சுனை இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து கசிகிற தண்ணீர். பெரிதில்லை, இந்த அறையைப்போல இரண்டு பங்கு இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அங்கே வலை போட்டேன். விரல் நீளத்தில் ஒரு அயிரை வந்தது. நம் பக்கத்து அயிரைக்கு ஆறு மீசை. இதற்கு எட்டு. கடைசி இரண்டும் கீழுதட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஊசியால் உதட்டை விலக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு குட்டி முள் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. முள் இல்லாத மீன். எனக்கென்றே வந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம், விடுமுறை நாளெல்லாம், சுற்றுவட்டாரத்து ஓடை ஒவ்வொன்றிலும் இறங்கித் தேடினேன். வேறெங்கும் இல்லை. இதை என்னைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் கிடையாது.

பதினொன்றைக் குப்பியில் போட்டு விரால் சாரின் மேஜையில் வைத்தேன்.

“சார், இது புதுசு. இதுவரைக்கும் யாரும் எழுதல. மீசையப் பாருங்க.”

“வச்சுட்டுப் போ. பாக்கறேன்.”

என் குறிப்பு நோட்டு கையிலேயே இருந்தது. கேட்பார் என்று வைத்திருந்தேன். கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. என் கண்ணில் படாமல் அவர் அனுப்பிய முதல் கட்டுரை அது.

“சார், இதுல என் பேர் இல்லையே.”

“கடைசிப் பக்கம் பாரு.”

பார்த்தேன். ‘குப்பிகளைக் கழுவி உதவிய பெண் ஊழியருக்கு நன்றி’ என்று இருந்தது.

“பேர் போடலையே சார்.”

“நீதான்னு எல்லாருக்கும் தெரியும்ல. அத விடு, மீனுக்கு என் பேத்தி பேரை வச்சிருக்கேன் பாத்தியா? இன்னிக்கு அவளுக்கு முதல் பொறந்தநாள். இந்தா, இனிப்பு எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய்யை உருக்கியவளையே கூப்பிட்டு ஒரு கரண்டி ஊற்றியது அன்றுதான்.

இருக்கைக்குப் போய்க் கட்டுரையைப் படித்தேன். மீசை ஆறு என்று எழுதியிருந்தார். உடம்பில் இருக்கும் பட்டைகளை வைத்துத்தான் புதிய மீன் என்று சொல்லியிருந்தார். பட்டை என்பது வயதுக்கு வயது மாறும், ஆணுக்கும் பெட்டைக்கும் மாறும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பு. எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு, தம்பி. முதலில் அச்சேறிய பேர்தான் நிற்கும். விவரத்தில் தப்பிருந்தால் பின்னால் வருகிறவர் திருத்துவார். பேர் அசையாது. குப்பியில் இருக்கும் மீன்தான் அந்தப் பேருக்குச் சாட்சி. ஆக, நான் வாய் திறந்தாலும் அவர் தப்புத்தான் சரியாகும். என் மீன் உலகம் உள்ளவரை அவர் பேத்தியாகவே இருக்கும். பேர் விழ வேண்டுமென்றால் ஒரே வழி. சாட்சி மாற வேண்டும். குப்பியில் இருப்பது ஏற்கெனவே பேர் உள்ள மீன் என்று ஆகிவிட்டால் புதுப் பேர் செல்லாது.

சந்தையில் அயிரை வாங்கினேன். அதே நீளத்தில் பதினொன்றைப் பொறுக்கிக் குப்பியில் போட்டு அதே சீட்டைக் கட்டினேன். பழைய பதினொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்து அடுப்பில் எரித்தேன். கொஞ்சம் வாடை வந்தது.

அப்புறம் கடிதம் வந்தது. வேறொரு அருங்காட்சியகத்தில் அயிரைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார். குப்பியைப் பார்க்க வருகிறேன், அப்படியே சுனையிலும் புதிதாகப் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவர் பிடித்தால் எட்டு மீசை அவர் கண்ணில் படும். அவருக்கு எண்ணத் தெரியும். குப்பியில் இருப்பது வேறு மீன் என்பதும் தெரிந்துவிடும்.

சுனை பாக்கி இருந்தது.

நல்ல வெயில். ஆட்டோவில் மூன்று மூட்டை பிளீச்சிங் பவுடரோடு போய் இறங்கினேன். பக்கத்துப் பம்ப் கொட்டகைக் காவலாளி ஓடிவந்தார்.

“என்னக்கா, மூட்டையெல்லாம்?”

“தண்ணியச் சுத்தம் பண்ணப் போறோம்.”

“ஆபீஸ்லேர்ந்தா?”

“ஆமா.”

“இறக்குங்க, நான் தூக்கறேன். இந்த வயசுல உங்களத் தனியா அனுப்பினாங்க பாருங்க, அவங்களச் சொல்லணும்.”

பரவலாகத் தூவச் சொன்னேன். வெறுங்கையால் அள்ளி அள்ளித் தூவினார். வேலை ரொம்பச் சுத்தம்.

“அக்கா, மீனெல்லாம் மேல வருதே?”

“மூச்சு வாங்க வருது. அயிரை அப்படித்தான்.”

சந்தை அயிரை அப்படித்தான். மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். என் மீன் அப்படியில்லை. சுனைத் தண்ணீர் குளிர்ச்சி, வேண்டிய காற்று அதிலேயே இருக்கும். அடிமணலை விட்டு அது மேலே வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

சாயங்காலம்வரை இருந்து, வலையால் எடுத்துப் போட்டு எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் சினையோடு இருந்தவை எழுபத்தொன்று. எந்த மாதத்தில் சினை பிடிக்கும் என்று இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது. அன்று தெரிந்தது. நோட்டில் குறித்துவைத்தேன். காவலாளியின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம் கண்டுவிட்டதாமே. அதற்கு வருத்தப்படுகிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் வந்தார். குப்பியைத் திறந்து, ஒன்றை எடுத்து, லென்ஸில் வைத்தார். இரண்டே நிமிஷம்.

“சார், இது சந்தையில விக்கற அயிரை.”

“இல்லைங்க, பட்டையப் பாருங்க...”

“பட்டைய விடுங்க சார். கண்ணுக்குக் கீழ முள் இருக்கு பாருங்க. இதுக்கா புதுப் பேர் வச்சீங்க?”

விரால் சாரின் முகம் வெளிறிப்போயிற்று. என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. இது என்ன மீனு?”

முப்பத்தொரு வருஷத்தில் மீனைப் பற்றி அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி.

“எனக்கென்ன சார் தெரியும். நான் குப்பி கழுவறவ.”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் சுனைக்குப் போனார்கள். காவலாளி கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்று, பெருமையாகச் சொல்லியிருக்கிறார், “அக்காவும் நானும்தான் சுத்தம் பண்ணோம்” என்று. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

கோபத்தில் செய்தீர்களா என்று கேட்டீர்கள். கோபம் வந்தவள் கத்துவாள், சாமானை உடைப்பாள். நான் ஒரு குப்பியைக்கூட உடைக்கவில்லை. அலமாரியைப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு சீட்டும் என் கையெழுத்தில் அப்படியே நிற்கும். அடுத்தவன் பேரைச் சுமந்துகொண்டு காலமெல்லாம் கிடப்பதைவிட அந்தச் சுனை மீன்களுக்கு இது மேல். பெற்றவளுக்குத்தான் இந்த வலி தெரியும்.

ஒரு இனத்தையே அழித்தவள் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவ்வளவு கொடியவள் இல்லை. மூட்டை கொண்டுபோன நாளுக்கு முந்தின நாள் பதினாலு மீனை உயிரோடு எடுத்துவந்தேன். ஆறு ஆண், எட்டுப் பெட்டை. பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி, அடியில் சுனை மணல், வெயில் படாமல் மேலே ஈரச் சாக்கு, தண்ணீரில் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். அந்தப் பேர் விழுந்து, என் பேரில் கட்டுரை வந்தபிறகு, திரும்பச் சுனையில் விட்டிருப்பேன். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

உங்கள் ஸ்டேஷன் ஆள் திங்கட்கிழமை என்னைக் கூட்டிவர வந்தார். சின்ன வயசுக்காரர், பொறுப்பான பிள்ளை. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டி முத்திரை வைத்தார். மோட்டார் நின்றால் அவை மூன்று மணி நேரம் தாங்கும். இன்று வியாழன்.

பூட்டுவதற்கு முன்னால் தொட்டியை எட்டிப் பார்த்து, “வளர்ப்பு மீனாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன மீன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.