எடை அடிபட்டுப் போகும்

பிரேக் பழுதுன்னு எழுதாதீங்க சார். அப்டி எழுதுனா வண்டியச் சரியா வச்சுக்கலன்னு உங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்ல தள்ளிவிட்டுருவாங்க. போன மாசந்தான் டிரைவர் முருகவேல் புது பிரேக் லைனிங் போட்டான். எறங்கிப் பாத்தீங்கள்ல, டிரம்முக்குள்ள எல்லாம் கருகிக் கெடக்கு. கிட்டப் போனா இன்னும் நாத்தம் அடிக்குது. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல சார். தட்டுல கை வச்சா அதே நாத்தம்.

நானா? மரியசெல்வம். மேல ஸ்கூல்ல பிளஸ் ஒன்னுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். ஆமா, வண்டில இருந்த வாத்தியார் நாந்தான். அந்த சில்வர் ஓக் மரம் குறுக்க நிக்காட்டி எங்க எலும்பப் பள்ளத்துலதான் பொறுக்கிருக்கணும். எனக்கு முழங்கைல சிராய்ப்பு, அம்புட்டுத்தான். ஓட்டுன முருகவேலுக்குத்தான் இடுப்பெலும்பு நொறுங்கி, திண்டுக்கல் ஆஸ்பத்திரில கெடக்கான். இனிமே வண்டி ஓட்டுறது சந்தேகங்கிறாங்க.

இந்தத் தாண்டிக்குடி ரோட்டுல ஜீப் ஓட்டுற பயலுகளுக்கு ஒரு கேடுகெட்ட பழக்கம் இருக்கு சார். எறக்கம் வந்தா கியரை எடுத்துட்டு நியூட்ரல்ல உருட்டுவானுங்க. கேட்டா டீசல் மிச்சமாம். தூ! கியர்ல இருந்தா எஞ்சினே வண்டியப் பிடிச்சு இழுக்கும். எடுத்துட்டா மொத்தமும் பிரேக் தலைலதான் விடியும்.

முருகவேலா? இல்லைங்க. அவன் மட்டும் உருட்ட மாட்டான். பதினஞ்சு வருசமா ரெண்டாவது கியர்லயே எறங்குறவன். மத்தவனுங்க கேலி பண்ணுவானுங்க.

பெறகு எப்டியா? சொல்றேன் இருங்க. மேல மைல்கல் தெரியுதுல்ல, அங்கருந்து இந்த வளைவு நாப்பது மீட்டர் எறக்கம். ஃபோன்ல பாத்தேன். உசரத்துல நிக்கிற வண்டிக்கு ஒரு ஆற்றல் உண்டு. எடை, புவியீர்ப்பு ஜி, உயரம், மூணையும் பெருக்கணும். காலி ஜீப்பு ஆயிரத்தைநூறு கிலோன்னு வைங்க, கிட்டத்தட்ட ஆறு லட்சம் ஜூல். எறங்க எறங்க அது பூராம் இயக்க ஆற்றலா மாறும். அது அரை, எடை, வேகத்தோட வர்க்கம். ரெண்டையும் சமம்னு போட்டா எடை அடிபட்டுப் போகும். காத்து, உராய்வ எல்லாம் விட்டுட்டா காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே வேகந்தான். கிளாஸ்ல இதத்தான் போர்டுல போட்டேன்.

அப்ப ஸ்வேதான்னு ஒரு பிள்ள எந்திரிச்சு, இல்ல சார், லோடு ஏத்துனா வண்டி தள்ளும், எங்க அப்பா சொல்லிருக்காருன்னுச்சு. கிளாஸே சிரிச்சுச்சு. அவளப் பாத்து இல்ல சார், என்னயப் பாத்து. முருகவேல் மகதான் அது. பதினெட்டு வருசமா சாக்பீஸ் பிடிக்கிறவனுக்கு ஜீப்காரன் மக பாடம் எடுக்குதான்னு ஆயிருச்சு எனக்கு. சொல்லவே அசிங்கமாத்தான் இருக்கு.

வியாழக்கெழம வெள்ளனே அவன் காலி வண்டில முன்னாடி ஏறி உக்காந்தேன். மைல்கல்லுல கியரை எடுப்பா, ஸ்பீடு மீட்டர வீடியோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னேன். தயங்குனான். சார் கேக்குறீங்கன்னு எடுத்தான். இந்த வளைவுல பிரேக்கப் போட்டான், பூ மாதிரி நின்னுச்சு. மத்தியானம் இருவது மூட்டை காப்பிக்கொட்டை ஏத்தி, மறுபடியும் அதே மைல்கல். அதுக்குள்ள ரெண்டு நடை போயிட்டு வந்து பிரேக்கும் சூடு. வேணாம் சார்ன்னான். ரெண்டு தடவ சொன்னான். பயப்படாதப்பா, எடை அடிபட்டுரும்னேன். கியரை எடுத்தான், இந்த வளைவுல பிரேக் பிடிக்கல.

வேகத்துலதான் சார் அது அடிபடும். நிறுத்துற பிரேக்குக்கு ஏது அடிபடுறது? ஆயிரம் கிலோ கூட ஏறிருச்சு, பத்து லட்சம் ஜூல். அம்புட்டையும் அந்த லைனிங்தான் முழுங்கணும். இது ரெண்டு மார்க் கேள்வி சார். என் பிள்ளைகள்ல பாதிப் பேரு கரெக்டா எழுதிருக்கும்.

எழுதுங்க, நிறுத்தாதீங்க. அவன் இத எழுதச் சொல்ல மாட்டான். போலீஸ் வந்தப்ப ஸ்ட்ரெச்சர்ல கெடந்துக்கிட்டே, கியர் தானா நழுவிருச்சுன்னான். என் பேர எடுக்கல. மகளுக்குப் பாடம் எடுக்குற வாத்தியார்ல. எஸ்.ஐ. என்னயப் பாத்து, அப்டியா சார்ன்னு கேட்டாரு. வீடியோ எடுத்த ஃபோன் என் சட்டப்பையிலதான் இருந்துச்சு.

நான் ஆமான்னு தலையாட்டுனேன் சார்.