இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க

இல்ல டாக்டரம்மா, சாப்பாட்டுல நான் ஒரு குறையும் வைக்கல. வேணும்னா எழுதிக்கோங்க. திங்கக்கிழமை மத்தி மீன், ஆவியில வேகவச்சது, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. செவ்வாய் ஆட்டு ஈரல். புதன் கீரையும் வேர்க்கடலையும். நேத்து ஆட்டு இதயம். ஆமா, இதயம்தான். அதுலதான் ரொம்ப இருக்காம்.

அதான், அந்தச் சத்து. கோ என்சைம், க்யூ டென்னு என்னமோ சொல்றாங்களே. நம்ம உடம்புலயே ஊறுமாம், வயசாக ஆகக் குறையுமாம். இதயம் ஒரு நிமிஷம் கூட உக்காராம வேலை செய்யுதில்ல, அதனால அதுக்குத்தான் நெறைய வேணுமாம். உங்களுக்கே நான் பாடம் எடுக்கிறேன் பாருங்க. கோச்சுக்காதீங்க.

இதயக் குழாய் அடைப்புக்கு நீங்க ஸ்டென்ட் வச்சு அனுப்பினதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் நாலு மாசம் நல்லாத்தான் இருந்தார். அப்புறம்தான் கால் வலின்னு ஆரம்பிச்சார். தொடை, கெண்டைக்கால் எல்லாம் யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் அவர். லிஃப்ட் நின்னுபோன கட்டடத்துக்குத்தானே கூப்பிடுவாங்க, எட்டு மாடின்னாலும் இவர் படியேறித்தான் ஆகணும். ஒரு நாள் நாலாவது மாடியில படியிலயே உக்காந்துட்டார். கூட வேலை பார்க்கிறவர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து விட்டார். வந்தவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, என் வேலை அவ்வளவுதான் போலிருக்குன்னார். இருபத்தாறு வருஷத்துல அவர் குரல் அப்படி உடைஞ்சு நான் கேட்டதே இல்ல.

உடனே உங்ககிட்ட வந்திருக்கலாம்தான். அடுத்த மாசம்தானே வரச் சொன்னீங்க, நடுவுல வந்தா திட்டுவீங்களோன்னு இருந்துட்டேன். அப்பத்தான் என் நாத்தனா போன்ல ஒரு வீடியோ அனுப்பினா. அந்தச் சத்து குறைஞ்சா கால் இப்படித்தான் வலிக்குமாம்.

எங்கம்மா வீட்டுல முட்டை கூட ஒடைச்சதில்ல டாக்டரம்மா. கறிக்கடையில போய் இதயம் வேணும்னு கேட்டா, நாய்க்காம்மான்னு கேக்கிறார் கடைக்காரர். எங்க வீட்டுக்காரருக்குன்னு சொல்ல வாய் வரல, ஆமான்னுட்டேன். கழுவும்போது வழுக்கி ரெண்டு தடவை தொட்டியில விழுந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு நறுக்கினேன். அவர் ரசிச்சுச் சாப்பிட்டார். இப்பத்தான் உனக்குச் சமையலே வந்திருக்குன்னு கிண்டல் வேற.

நெஜமாவே பத்தே நாள்ல கால் வலி போயிடுச்சு. திரும்பப் படியேறினார். நான் சலவைக் கடையில இஸ்திரி போடுறவ, துணி தேய்ச்சுக்கிட்டே எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சேன். என்னவோ நானே அவரைக் குணப்படுத்திட்ட மாதிரி.

இன்னைக்குக் காலையில ஷூ மாட்டக் குனிஞ்சவர் அப்படியே சரிஞ்சார். நெஞ்சைப் பிடிக்கக்கூட இல்ல. நான் கூப்பிடக் கூப்பிட என்னையே பார்த்தார், பேசத்தான் முடியல. இங்க வர்ற வழியிலயே நினைவு தப்பிடுச்சு.

மாத்திரையா? கதவைக் கொஞ்சம் சாத்துங்களேன், என் பொண்ணு வெளிய உக்காந்திருக்கா.

அந்த வீடியோவுலதான் சொன்னாங்க. கொழுப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான் அந்தச் சத்தைக் குறைக்குது, அதை விட்டாலே வலி போயிடும்னு. நீங்க நாலு கொடுத்திருந்தீங்க. அதுல எது கொழுப்புக்குன்னு எனக்குத் தெரியல. அட்டையில எல்லாம் பொடிப்பொடி எழுத்து. யார்கிட்ட கேக்கிறதுன்னும் தெரியல. அதனால நாலையும் நிறுத்திட்டேன். இன்னையோட பத்தொன்பது நாள்.

ஸ்டென்ட்ல ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையா? தெரியல டாக்டரம்மா. அதுவும் அதுலதான் இருந்திருக்கும்.

ஏன் டாக்டரம்மா இப்படித் தலையில கை வச்சு உக்காந்துட்டீங்க?

அவருக்கு ஒண்ணும் தெரியாது. மாத்திரை எங்கன்னு கேட்டார். டாக்டரம்மா போன் பண்ணினாங்க, இனிமே வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னேன். நீங்க சொன்னா அவருக்கு மறுபேச்சே கிடையாது. கண்ணு முழிச்சு உங்ககிட்ட கேட்டார்னா, ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க.