விஜயதசமியன்று சுற்றிய சக்கரம்

வேலாயுதம்: ...அந்தச் சத்தத்தைப் பீரங்கின்னுதான் நெனச்சேனுங்க அம்மிணி. அரமனையில தசராவுக்கு வெடிக்கறாங்களாக்கும்னு...

தாரணி: பீரங்கியா! நம்ம சக்கரம்ண்ணா. இத்தனை வருஷ வேலை... தூள்தூளாப் போச்சு!

வேலாயுதம்: உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?

தாரணி: சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால பிழைச்சேன்.

வேலாயுதம்: காந்தத்துல மிதக்கும், எதையும் தொடாது, சுத்தியே கரண்டைச் சேத்து வெக்கும், சேட்டிலைட்டுக்கு இனி பேட்டரியே வேண்டாம்னு சார் சொன்னாரே... அதுக்கா இந்தக் கதி?

தாரணி: நிமிஷத்துக்கு நாப்பதாயிரம் சுத்துண்ணா! ஒரு பக்கம் துளி கனம் கூடினாலும் ஆடிடும். உடைஞ்ச துண்டுல சந்தனம் இருந்தது. சீனிவாசன் சார் பார்த்துட்டார்.

வேலாயுதம்: ச... சந்தனமா?

தாரணி: நேத்து ஆயுத பூஜைக்குக் கெம்பம்மாதான் வெச்சிருப்பாங்கன்னு, நாளையிலேருந்து பெருக்க வரவேண்டாம்னுட்டார். "நானல்ல ஸ்வாமி"ன்னு வாசல்ல நின்னு அழறாங்க.

வேலாயுதம்: அய்யோ! அந்தம்மா அந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லீங்களே!

தாரணி: அப்போ யாரு வந்தது? லேத்துக்கு வெச்சீங்க, ஸ்பானருக்கு வெச்சீங்க, வாசல்ல நின்ன என் லூனா வண்டிக்கும் வெச்சீங்க. சக்கரத்தை மட்டும் விட்டுட்டீங்களாக்கும்?

வேலாயுதம்: கிண்டல் பண்ணாதீங்க அம்மிணி... வெச்சேனுங்க. சோறு போடற மிசினு. துளியூண்டு சந்தனம், மேல குங்குமம்... நான் போய் சார்கிட்ட ஒத்துக்கறேன். அந்தம்மா பொழப்பு போகக்கூடாதுங்க.

தாரணி: நில்லுங்க. உங்க பொட்டை நான் நேத்தே பார்த்தேன்.

வேலாயுதம்: பார்த்தீங்களா! அப்பறம் ஏன் சொல்லலீங்க?

தாரணி: சொன்னா சார் உங்களை விட்டுவெப்பாரா? பூஜைப் பொட்டை அழிக்கவும் மனசு வரலை. எங்க வீட்ல அதைத் தொடவே விடமாட்டாங்க. அதான்...

வேலாயுதம்: அதான்?

தாரணி: சக்கரத்தோட கூட்டுக்குள்ள கையை விட்டு, நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு சந்தனம் வெச்சேன். ரெண்டு பக்கமும் கனம் சமமாயிடும், ஆடாதுன்னு... ஆனா எப்படிண்ணா ஆடுச்சு?

வேலாயுதம்: அம்மிணி... இன்னிக்கு மூடி போடறதுக்கு முன்னால, சார் பாத்துடுவாரோன்னு பயந்துக்கிட்டு... நான் என்னோட பொட்டைத் துடைச்சுட்டேனுங்களே!